தாமாகவே வெளியேறினார்

1

பாலன் மாஸ்ரர் இறந்துவிட்டார் என்பதை எனக்கு வாட்ஸ்அப்பில் அறிவித்தார்கள். ஆழ்வார்பேட்டையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு மயிலாப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கறுப்புப் பின்னணி, இரு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவருடைய படம். 'முதலாம் ஆண்டு நினைவேந்தல்' என்று போட்டு, மூன்று நாடுகளின் நேரங்களையும் இணையவழிக் கூட்டத்துக்கான இணைப்பையும் கொடுத்திருந்தார்கள். 'மக்களின் ஆசான்' என்று ஒரு பட்டம். பிறந்த ஊர் பிழை.

ஊரில் இருக்கிற உங்களில் பலருக்கும் அந்த அறிவித்தல் வந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாலன் மாஸ்ரர் இறந்ததற்கு யாரிடமும் எந்த அத்தாட்சியும் கிடையாது. போன வருடம் ஒருநாள் காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து போனவர் திரும்பி வரவில்லை. அந்த நாளையே இறந்த நாளாக்கி விளக்கேற்றிவிட்டார்கள்.

நினைவேந்தலை நடத்திய மன்றத்தாரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எங்களோடு இருந்த காலத்தில் அவரைத் துரோகி என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இவர்கள்தான். உயிரோடிருக்கிற மாஸ்ரர் பதில் எழுதுவார். காணாமற்போன மாஸ்ரரைத் தேட வேண்டிவரும். இறந்த மாஸ்ரர் வசதியானவர். ஒரு விளக்கும் ஒன்றரை மணி நேரமும் போதும், பிறகு தேநீர். அயல்வீட்டுக்காரி என்ற முறையில் எனக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். "அவர் செத்ததை உங்களில் ஆர் பார்த்தது?" என்று பதில் போட்டேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. சிறிது நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

2

நான் சென்னைக்கு வந்தபோது வயிற்றில் ஆறு மாதம். நாங்கள் வந்த நான்காம் வருடம் கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் அபி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் இன்னும் பொலிஸ் என்று எழுதுகிறேன், அவள் போலீஸ் என்கிறாள். ஊரில் தாயைப் பிள்ளைகள் 'நீங்கள்' என்பார்கள். அவள் என்னை 'நீ' என்கிறாள். முதலில் அது முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதி. மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் பாலன் மாஸ்ரர் பன்னிரண்டு வருடம் குடியிருந்தார். ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகையும் நடத்தினார். அரசாங்கம் அவரைத் தேடியது, இயக்கம் தேடியது, இயக்கம் போன பிறகு அதன் பெயரில் கடை விரித்தவர்கள் தேடினார்கள். ஆளைப் பிடிக்கத்தான் தேடினார்கள். என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்க ஒருவரும் தேடவில்லை. இங்கே வந்தும் அவர் வாயை மூடவில்லை. கடைசி மாதங்களில், ஊரில் இராணுவ முகாமுக்காக எடுத்த காணிகளைப் பற்றி இணையத்தில் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காணிகள் கை மாறியதில் நம்முடைய பெரிய மனிதர் ஒருவருக்கும் பங்கு இருக்கிறது என்று எழுதிய வாரத்தில் அவருக்கு நிறையத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. நம்பரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "வாசிக்கினம் போல கிடக்கு" என்பார்.

ஏழாம் வகுப்பிலிருந்து அபிக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவள் அவரை மாமா என்பாள். அவளுடைய சென்னைத் தமிழை அவர் திருத்தியதே இல்லை. நான் திருத்தினால், "விடு பிள்ளை, அவளுக்கு ஒரு ஊராவது இருக்கட்டும்" என்பார்.

3

அன்று காலையில் ஒரு அழைப்பு வந்தது. பேசிவிட்டுப் படியிறங்கி என் கதவடிக்கு வந்தார். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, கறுப்பு நூலால் கட்டியிருந்தார்.

"ரஞ்சி, அக்கா புழுக்கொடியல் குடுத்து விட்டிருக்கிறா. ஊரிலயிருந்து வந்த ஒரு பெடியன் கொண்டு வந்திருக்கிறானாம். குளத்தடியில நிக்கிறானாம். வாங்கிக்கொண்டு வாறன்."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவியள்தானே?"

"பத்து நிமிச நடை. வராமல்?"

இரண்டு மணிவரை பார்த்தேன். கைபேசி அணைந்திருந்தது. பருத்தித்துறையில் இருக்கும் அவருடைய தமக்கை யோகேஸ்வரிக்கு அழைத்தேன். "நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் குடுத்து விடேல்லையே பிள்ளை" என்றா. அதற்குப் பிறகும் இருவரும் கைபேசியை வைக்கவில்லை. இருவருக்குமே இது முதல்தடவை இல்லை.

ஊரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் முகாம் வாசலில் போய்க் குந்துவோம். வெயிலில் மயங்கி விழுவோம். திட்டு வாங்குவோம். ஆனாலும் கூட்டமாக இருப்போம். இங்கே நான் ஒருத்தி. ஒரு பிளாஸ்டிக் உறையில் என்னுடைய அகதிப் பதிவுச் சான்றிதழைப் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன்.

4

எழுத்தர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். "இன்னாம்மா?"

"ஒரு ஆளைக் காணேல்லை. காலமை வெளிக்கிட்டுப் போனவர், இன்னும் வரேல்லை."

"வெளியேறிட்டாரா? வூட்ல சண்டையா?"

"வெளியேறேல்லை. வெளிக்கிட்டவர். உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு அலுவலாய்ப் போனவர்."

"அதான்மா. வெளியேறிட்டாரு."

எழுதிவிட்டார். நம் ஊரில் கோயிலுக்கு வெளிக்கிடுவோம், சந்தைக்கு வெளிக்கிடுவோம், கல்யாண வீட்டுக்கு வெளிக்கிடுவோம். அந்தச் சொல்லை அவருக்கு மூன்று விதமாக விளக்கினேன். மூன்று தரமும் தலையாட்டினார். எழுதியதை மாற்றவில்லை.

"நீ அவருக்கு இன்னா ஓணும்?"

"அயலவை."

"அப்டின்னா?"

"பக்கத்து வீடு. ஊரிலயிருந்தே பழக்கம். பின்னேரத்தில நாங்கள் கதைக்கிறனாங்கள்."

"கதை வுடுவீங்களா?" என்றார். அடுத்த மேசைக்காரர் சிரித்தார். ஐம்பது வயது விதவையும் அறுபத்து மூன்று வயது பிரம்மச்சாரியும் பின்னேரத்தில் என்ன கதை விடுவார்கள் என்று அந்த இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது. அதை மட்டும் அவர்கள் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

பொய்ப் பார்சலைப் பற்றிச் சொன்னேன். அதில் என்ன இருந்தது என்று கேட்டார். புழுக்கொடியல் என்றேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைப்பது என்றேன். 'கிழங்கு வாங்கச் சென்றவர்' என்று எழுதினார். ஒரு ஆளை வரவழைக்க யாரோ அவருடைய தமக்கையின் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற செய்தி கிழங்கோடு முடிந்துபோயிற்று.

"காணாமற்போனவர் எண்டு எழுதாதேங்கோ. காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டு எழுதுங்கோ" என்றேன்.

"யாரு ஆக்கினது? பேர் சொல்லு, எழுதறேன். பேர் தெரியலன்னா அவராதான் போயிருக்காரு."

ஆள் தெரியாவிட்டால் குற்றமும் கிடையாது என்பது அந்த நிலையத்து இலக்கணம். மனு ரசீதை மடித்துக் கையில் தந்தார்கள். "வந்துடுவாரும்மா, சாமிய கும்பிடு" என்று ஆறுதலும் சொன்னார் எழுத்தர். நான் முன்பே சொன்னேன், நல்ல மனிதர்.

5

முதல் வாரம் வீட்டுக்கார மாமி எங்களுக்குச் சாப்பாடு தந்தா. மூன்றாம் வாரம் பின்பகுதிக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"ரஞ்சிதம், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். போலீஸ்காரா ஆத்து வாசல்ல வந்து நின்னுண்டே இருந்தா, அக்கம்பக்கத்துல என்ன நினைப்பா? அந்த ரூமை எத்தனை நாள் பூட்டியே வெச்சிண்டிருக்கறது?"

இரண்டு மாதத்தில் அறை காலியாயிற்று. அவருடைய புத்தகங்கள் பதினொரு பெட்டிகளாக எங்கள் நடையில் வந்து உட்கார்ந்தன. மேலே ஒரு மென்பொருள்காரர் குடிவந்தார். "முன்னாடி இருந்தவர் காலி பண்ணிட்டாரா?" என்று அவர் கேட்டபோது மாமி, "ஆமா, ஊருக்குப் போயிட்டார்" என்றா. மாமிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லி அவவே அதை நம்பிவிட்டா.

மூன்றாம் மாதம் சாதாரணச் சட்டையில் ஒருவர் வந்தார். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. நான் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்தார். சுவரில் இருந்த அபியின் படத்தைப் பார்த்தார்.

"பொண்ணு அயர்லாந்துல படிக்க அப்ளை பண்ணியிருக்கா போல. ரொம்ப நல்ல விஷயம் மேடம். வெளிய போக எங்க தடையில்லாச் சான்று வேணும்ல? எங்க டேபிள்லதான் இருக்கு."

"ஓம்."

"இந்த ஃபைலயும் முடிச்சுட்டா உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். என்னுடைய வாக்குமூலமாம். 'மேற்படி நபர் யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தாமாகவே வீட்டைவிட்டு வெளியேறினார். கடல் வழியாக ஊருக்கு திரும்பிச் செல்லப்போவதாக அடிக்கடி என்னிடம் கூறிவந்தார்.'

"இரண்டாவது நான் சொல்லேல்லை" என்றேன். முதலாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"சொல்லியிருப்பீங்க மேடம். மறந்திருப்பீங்க."

'ஊருக்கு'க்குப் பிறகு 'த்' விடுபட்டிருந்தது. நான் படிப்பிக்கிறவள். பேனையை வாங்கி அந்த 'த்'தைச் சேர்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மன்றத்தாரையும் பொலிசையும் மாமியையும் இவ்வளவு நேரம் இளக்காரமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்களில் ஒருவரும் பாலன் மாஸ்ரரைக் கடலுக்குள் அனுப்பவில்லை. அதைச் செய்தவள் நான், ஒற்றுப் பிழைகூட இல்லாமல். ஒரு மாதத்தில் சான்று வந்தது. அந்தப் பருவத்துச் சேர்க்கை முடிந்துவிட்டதால் பல்கலைக்கழகம் அபியின் இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றியது. தாளைப் பற்றி நான் அபியிடம் சொல்லவில்லை. யோகேஸ்வரி அக்காவிடமும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை அவ தொலைபேசியில் கேட்பா, "ஏதும் தெரிஞ்சுதோ?" என்று. "விசாரிக்கினம்" என்பேன்.

6

நினைவேந்தல் அறிவித்தல் ஊருக்கும் போயிருந்தது. பத்து நாளில் யோகேஸ்வரி அக்கா முப்பது நாள் சுற்றுலா விசாவில் விமானம் ஏறி வந்து இறங்கினா. எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவ. ஒரு சின்னப் பெட்டி, ஒரு குடை, தம்பியின் படங்கள் வைத்த ஒரு கோப்பு.

"செத்திட்டானெண்டு ஆர் சொன்னது? உவைக்கு விளக்குக் கொளுத்த ஒரு ஆள் வேணும். அதுக்கு என்ரை தம்பிதான் கிடைச்சவனோ?"

அடுத்த நாள் நிலையத்துக்குப் போனோம். ரத்த உறவு வந்துவிட்டதால் கோப்பு வெளியே வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் புரட்டி, "அக்கம்பக்கத்துல எல்லாம் விசாரிச்சாச்சு, யாருக்கும் ஒண்ணும் தெரியல. இவங்களே சொல்லிட்டாங்களேம்மா" என்று என் தாளை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தா. கீழே இருந்த கையெழுத்தையும் வாசித்தா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் தரிப்பில்தான் வாயைத் திறந்தா. "உது உம்முடைய எழுத்தோ?"

"ஓம் அக்கா."

"என்னத்துக்கு?"

அபியைப் பற்றிச் சொன்னேன். சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டு போயிற்று.

"எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதால நான் உம்மைப் பேச ஏலாது" என்றா. பேசுவது என்றால் நம் ஊரில் திட்டுவது. இங்கே இருக்கிறவர்களுக்கு அது விளங்காது. குடையை விரித்தா. "அவன் நடந்து போன வழியைக் காட்டும்."

ஒரு வருடமாக நான் அந்த வழியால் நடந்ததில்லை. ஆழ்வார்பேட்டைக்குப் பஸ் ஏற, மாட வீதிப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வெயில் குறைவு என்று எனக்கு நானே காரணமும் சொல்லியிருந்தேன்.

வீட்டிலிருந்து தொடங்கினோம். அக்கா ஒவ்வொரு கடையிலும் படத்தைக் காட்டினா. தேங்காய்க் கடை, பாத்திரக் கடை, ஜெராக்ஸ் கடை. இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காலை குளத்தை ஒட்டிய திருப்பத்தில் கூடை வைத்துப் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் காட்டினா. ஐம்பது வயதிருக்கும், பெயர் கஸ்தூரி. கட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. படத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"கண்ணாடில நூல் கட்டிக்கினு இருப்பாரே, அவுருதான?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"தோ, இந்த எடத்துலதான் கார்ல ஏத்தினாங்கோ. வெள்ள காரு. ரெண்டு பேரு. ஒருத்தன் தோள்ல கை போட்டுக்கினு சிரிச்சிக்கினே வந்தான், ரொம்ப நாள் பழகினவன் மாரி. அவுரு சிரிக்கல. கார்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. இன்னொருத்தன் கை முட்டிகிட்ட புடிச்சு தள்ளினான். 'விடுங்கோ, விடுங்கோ'ன்னாரு."

"பிறகு?"

"பெறகு இன்னா, கதவ சாத்தினாங்கோ, பூட்டாங்கோ. விடுங்கோன்னு சொன்னாரா, நான் ஐயருன்னு நெனச்சிட்டேன். கோச்சிக்கினு வந்த அப்பன புள்ளைங்க வூட்டுக்கு இட்டுக்கினு போறாங்கன்னு நெனச்சிட்டேன். கண்ணாடி கீழ வுந்துச்சு. வருவாருன்னு மூணு நாளு எடுத்து வச்சிருந்தேன். அப்பறம் அந்தப் புள்ளையார் கோயில் மாடத்துல வச்சேன். எவனோ எடுத்துக்கினு பூட்டான்."

பாலன் மாஸ்ரர் நம் தமிழில்தான் உதவி கேட்டிருக்கிறார். அது மயிலாப்பூரில் ஒரு வீட்டுத் தகராறாகக் காதில் விழுந்திருக்கிறது.

"உம்மட்ட பொலிஸ் வந்து கேக்கேல்லையோ?" என்று அக்கா கேட்டா.

"ஒருத்தனும் கேக்கல. ஒரு வருசமா இங்கதான் குந்திக்கினு கீறேன். கூடைய நவுத்துன்னு சொல்ல மட்டும் தெனம் வராங்கோ." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ இந்தத் தெருக்காரிதான? கோயிலாண்ட பாத்துருக்கேன். நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"



7

பார்த்ததைச் சொல்லிவிட்டாளே தவிர, சாட்சி சொல்லக் கஸ்தூரி சம்மதிக்கவில்லை. "கோர்ட்டு கீர்ட்டெல்லாம் வேணாம்மா. ஆத்தோரம் இருந்த வூட்ட இடிச்சிட்டு எங்கியோ ஊர்க்கோடில தூக்கிப் போட்டாங்கோ. ரெண்டு பஸ்ஸு மாறி வரேன். இந்த எடமும் பூட்டா நான் இன்னா பண்றது?"

அக்கா வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் காலை போய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா. அதற்கடுத்த நாளும். நாலு நாள் சேர்ந்தாற்போல அங்கேயே இருந்தா. கஸ்தூரி சாப்பிடும்போது கூடையைப் பார்த்துக்கொண்டா. ஊர் முறையில் பூக்கட்டப் போய்த் திட்டும் வாங்கினா. வழக்கைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் கஸ்தூரியே கேட்டாள்: "எந்த வக்கீலு? எப்ப வரணும்?"

ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது வக்கீல் நிர்மலாவின் அலுவலகம். ஆட்கொணர்வு மனு போடலாம் என்றார். கஸ்தூரி பார்த்ததை எழுதிக்கொண்டு முகவரி கேட்டார். கஸ்தூரி ஆற்றோரக் குடியிருப்பின் பெயரைச் சொன்னாள்.

"அது இப்ப இல்லையேம்மா. ஆதார்ல இருக்கறதத்தான் போட முடியும்."

"அத போட்டுக்கோ. முன்னாடி எங்க இருந்தேன்னும் போடு. முப்பது வருசம் இருந்தேன், சும்மா இல்ல."

நிர்மலா இரண்டையும் போட்டார். கஸ்தூரி தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டாள். அடுத்தது என்னுடைய முறை. நான் முன்பு கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது பொய் என்பதற்கும், அதை எப்படி வாங்கினார்கள் என்பதற்கும் என் சத்தியக் கடதாசி, இங்கே சொல்வதானால் பிரமாணப் பத்திரம், வேண்டும்.

"யோசிச்சுப் போடுங்க. உங்க மேலயே கேஸ் போடலாம். பொண்ணு சான்றையும் திரும்ப வாங்கிக்கலாம்" என்றார் நிர்மலா.

ஒருநாள் அவகாசம் கேட்டேன். கஸ்தூரி என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

அன்று பின்னேரம் அபி வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள்.

"மாமா காணாமப் போன அன்னிக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய்த் தேடினது யாரு? நான். நீ என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அப்படி எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க."

"உனக்காகத்தானே அபி..."

"எனக்காகன்னு சொல்லாத. நான் கேட்டேனா? நான் கேட்டேனாம்மா?"

நடையில் இருந்த புத்தகப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்தாள். "இப்ப மாத்திக் குடுத்தா என் அயர்லாந்து போயிடும். அதுவும் உனக்குத் தெரியும், இல்ல?" என்றாள்.

"ஓம்."

"போய்க் குடு. ஆனா இதையும் மாமாவுக்காகன்னு யார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்காத."

மறுநாள் கையெழுத்துப் போட்டேன். திருத்த வேண்டிய ஒற்றுப் பிழை எதுவும் அதில் இல்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உயர் நீதிமன்றம் இதைக் கடத்தலாகப் பதிவுசெய்து புதிதாக விசாரிக்கச் சொன்னது. அதற்கு முன்பே விசா முடிந்து அக்கா திரும்பிப் போய்விட்டா. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்கொள்ளும்" என்றா. அது போதும் எனக்கு. அபியின் சான்று மறுபரிசீலனையில் இருக்கிறதாம். அவள் வேளச்சேரியில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். நான் போட்ட இரண்டு கையெழுத்துக்கும் கோபப்பட்டாள், இரண்டும் நியாயமான கோபம். பாலன் மாஸ்ரர் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது.

போன வாரம் பொலிஸ் இடத்தைப் பார்வையிட வந்தது. புதிய சப்-இன்ஸ்பெக்டர், இளவயது. கான்ஸ்டபிள் ஒருவர் நாடாவால் வீதியை அளந்தார். இன்னொருவர் தாளில் படம் கீறினார். ஒரு வருடத்துக்கும் மேலாக ஆயிரக்கணக்கான சக்கரங்கள் ஓடிப்போன தார் வீதியில், குனிந்து குனிந்து என்னவோ தேடினார்கள். கஸ்தூரியிடம் வழக்கம்போல, "கூடைய கொஞ்சம் நவுத்தும்மா, படம் எடுக்கணும்" என்றார் ஒருவர்.

"நவுத்த மாட்டேன். அன்னிக்கு இங்கதான் இருந்துச்சு. இருந்த மாரியே வரைஞ்சுக்கோ."

வரைந்துகொண்டார்கள். தாளில் ஒரு சின்ன வட்டம் போட்டு 'பூக்கடை' என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். அதிலிருந்து ஐந்து அடி தள்ளி ஒரு பெருக்கல் குறி. 'நபர் நின்ற இடம்.'

"மேடம், நீங்க கொஞ்சம் அங்க நில்லுங்க. ஆள் நின்ன இடம்னு போட்டோல தெரியணும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

போய் நின்றேன்.

"அங்க இல்ல. இன்னும் ஒரு அடி பின்னால" என்றாள் கஸ்தூரி. "ஆங். மூஞ்சி ரோட்டுப் பக்கம் திருப்பு."

திருப்பினேன். "எப்படிப் பிடிச்சிருந்தாங்க?" என்று அவர் கேட்டார். கஸ்தூரி எழுந்து வந்து என் முழங்கைக்கு மேலே பிடித்துக் காட்டினாள். பூத்தண்ணீரில் நனைந்த கை, நல்ல அழுத்தமான பிடி. எதிரே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி என்னமோ கத்தினார்.

கான்ஸ்டபிள் ஒரு படம் எடுத்தார். சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தார். நான் அசையாமல் நின்றேன்.